குடில் கலைந்த பிறகு: திருமுழுக்கு தரும் எதிர்நோக்கு

கிறிஸ்துமஸ் எப்போது முடிகிறது என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் உண்டு. கடைவீதியைப் பொறுத்தவரை டிசம்பர் 26 காலையிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே புத்தாண்டுத் தள்ளுபடிப் பலகை ஏறிவிடும். கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6-ஐ ஒட்டிக் குடிலைக் கலைப்பார்கள். சுரூபங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, வாசல் நட்சத்திரத்தை இறக்கிப் பரணில் போடுவார்கள். கத்தோலிக்க வழிபாட்டு நாள்காட்டியின் கணக்கு இரண்டிலிருந்தும் சற்றுத் தள்ளி நிற்கிறது. அதன்படி கிறிஸ்து பிறப்புக் காலம் முடிவது ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு. திருக்காட்சி எனப்படும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பின் வரும் ஞாயிறு அந்த நாள். சில ஆண்டுகளில் திங்களாகவும் அமையும். மறுநாள் பீடத்தில் வெள்ளை போய்ப் பச்சை வரும். பொதுக்காலம் தொடங்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விநோதம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் முன்னணையில் கிடந்த குழந்தை, திடீரென்று முப்பது வயது ஆளாக யோர்தான் ஆற்றில் இறங்கி நிற்கிறது. பிறப்பு விழாவை இந்தக் காட்சியோடு ஏன் முடிக்க வேண்டும்? விளக்கு அணைந்து, விருந்தினர் ஊர் திரும்பி, வேலையும் கடனும் பள்ளிக்கூடமும் பழையபடி தொடங்கும் ஜனவரியில், திருமுழுக்கு என்ற சடங்கால் ஒருவருக்கு என்ன எதிர்நோக்கைத் தர முடியும்? இருபது நூற்றாண்டுகளாகத் திருச்சபை இதற்குப் பல பதில்களைச் சொல்லியிருக்கிறது. சில பதில்கள் ஆறுதல் தந்தன, சில அச்சுறுத்தின, சில உயிரையே வாங்கின. அவற்றை வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கிறிஸ்துமஸுக்கு மூத்த விழா

முதலில் ஒரு வரலாற்று உண்மை. இயேசுவின் பிறப்பைவிட அவருடைய திருமுழுக்கே முதலில் விழாவானது. டிசம்பர் 25-ஐப் பிறப்பு நாளாகக் குறிக்கும் மிகப் பழைய சான்று, 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமானிய நாள்காட்டியில் உள்ளது. அதிலுள்ள பட்டியல் 336-இல் தொகுக்கப்பட்டது என்பது அறிஞர் கருத்து. அதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்னதாக, ஏறத்தாழ 200-இல், அலெக்சாந்திரியாவின் கிளமெந்து ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். பசிலிதேசு என்பவரைப் பின்பற்றிய குழுவினர் ஜனவரித் தொடக்கத்தில் இயேசுவின் திருமுழுக்கு நாளைக் கொண்டாடினார்கள் என்றும், முந்திய இரவை வாசகங்களோடு விழித்துக் கழித்தார்கள் என்றும் எழுதுகிறார். பசிலிதேசு திருச்சபை ஏற்காத போதகர். ஆனாலும் அந்த நாள் கிழக்கில் நிலைத்துவிட்டது.

கிழக்குத் திருச்சபைகளில் அதன் தடம் இன்றும் அழியவில்லை. அர்மேனியத் திருச்சபை பிறப்பையும் திருமுழுக்கையும் ஜனவரி 6 என்ற ஒரே நாளில் கொண்டாடுகிறது. எத்தியோப்பியாவில் ஜனவரி 19-ஐ ஒட்டி வரும் திம்கத் விழாவில், உடன்படிக்கைப் பேழையின் அடையாளமான தாபோத்தைப் பட்டுத் துணியில் போர்த்தி, குருக்கள் தலையில் சுமந்து நீர்நிலைக்கு எடுத்துச் செல்வார்கள். இரவு முழுக்க வழிபாடு நடக்கும். விடிந்ததும் நீரை ஆசீர்வதிப்பார்கள். கோந்தர் நகரத்துப் பழைய அரச குளத்தில் இளைஞர்கள் துணியோடு குதிப்பார்கள். 2019-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நமக்குப் பக்கத்தில் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் இதைத் தனஹா என்கிறார்கள். சில ஊர்களில் வாழைத்தண்டு நட்டு விளக்கேற்றும் பிண்டிப் பெருநாள், சில ஊர்களில் இரவில் நீராடும் ராக்குளிப் பெருநாள்.

மேற்கில்தான் இந்த விழா பின்தங்கியது. ஜனவரி 6 ஞானிகளின் நாளாகிவிட, திருமுழுக்கு அதன் நிழலில் ஒதுங்கியது. உரோமை நாள்காட்டியில் அதற்கென்று தனி நாள் கிடைத்தது 1955-இல்தான். அது ஜனவரி 13. 1969 சீர்திருத்தம் அதை ஞாயிறுக்கு மாற்றி, பிறப்புக் காலத்தின் கடைசி நாளாக வைத்தது. ஆக, குடிலுக்குப் பின்னால் ஒட்டுப்போட்டதுபோலத் தோன்றும் இந்த விழாதான் உண்மையில் மூத்தது. நற்செய்தி நூல்களில் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் மாற்குவிலும் மாட்டுத்தொழுவம் இல்லை, இடையர் இல்லை, ஞானிகள் இல்லை. கதை ஆற்றங்கரையில்தான் தொடங்குகிறது.

வரிசையில் நின்றவர்

அந்த ஆற்றங்கரை நிகழ்ச்சி தொடக்ககாலக் கிறிஸ்தவர்களுக்குச் சங்கடமாகவே இருந்திருக்கிறது. திருமுழுக்கு யோவான் கொடுத்தது பாவத்தை அறிக்கையிட்டு மனம் மாறுபவர்களுக்கான முழுக்கு. பாவமற்றவர் என்று நம்பப்படுபவர் அந்த வரிசையில் ஏன் நிற்க வேண்டும்? மத்தேயு இந்தக் கேள்வியை மறைக்கவில்லை. யோவானே மறுத்துத் தயங்கியதாக எழுதுகிறார். யோவான் நற்செய்தியோ இயேசு நீரில் இறங்கியதை நேரடியாகச் சொல்லாமலே கடந்துபோகிறது.

சங்கடம் தந்த இந்த நிகழ்ச்சியில்தான் எதிர்நோக்கின் முதல் பதிலும் இருக்கிறது. வரி தண்டுவோரும் படைவீரரும் வந்துபோன கரையில் அவர் தனியிடம் கேட்கவில்லை. நீரைவிட்டு ஏறியதும் வானம் பிளந்தது, ஆவி புறாவைப்போல இறங்கியது, அன்பு மகன் என்று ஒரு குரல் அறிவித்தது என்கிறார்கள் நற்செய்தியாளர்கள். அந்தக் குரல் வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். மாற்குவின் கணக்கில் அவர் அதுவரை ஒரு நோயாளியைக் குணமாக்கவில்லை, ஓர் உவமை சொல்லவில்லை. செய்து காட்டிய எதற்கும் பரிசாக அந்த அங்கீகாரம் வரவில்லை.

அடுத்து வருவது பாலைநிலம், நாற்பது நாள் பசி, சோதனை. யோவானைச் சிறையில் தள்ளுகிறார்கள். பின்னால் தம் சாவையே ஒரு திருமுழுக்கு என்று குறிப்பிடுகிறார் இயேசு. ஆகவே இந்த முழுக்கு பாதுகாப்புக்கு உறுதி தருவதாக நற்செய்திகள் எங்கும் சொல்லவில்லை. நீ யாருடைய பிள்ளை என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன்பிறகு பாலைநிலத்துக்கு அனுப்புகின்றன.

நட்சத்திரக் கூரையின் கீழ்

தொடக்கத் திருச்சபை எப்படி முழுக்காட்டியது என்பதற்கு டிடாக்கே என்ற பழைய கையேடு சான்று. ஓடும் நீர் நல்லது. கிடைக்காவிட்டால் வேறு நீர். குளிர்ந்த நீர் ஆகாதென்றால் வெந்நீர். அதுவும் போதாதென்றால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்கிறது அது. தமிழ்நாட்டுச் சபைகளில் இன்றும் நடக்கும் மூழ்குவதா தெளிப்பதா என்ற சண்டைக்கு அந்தக் கையேடு அப்போதே நிதானமாகப் பதில் எழுதி வைத்திருக்கிறது.

கண்ணால் பார்க்கக் கிடைப்பது சிரியாவில் யூப்ரத்தீசு ஆற்றங்கரையில் இருந்த தூரா யூரோபோஸ் நகரம். அங்கே ஒரு சாதாரண வீட்டை ஏறத்தாழ 240-இல் கிறிஸ்தவர்கள் வழிபாட்டு இடமாக மாற்றினார்கள். ஓர் அறையில் திருமுழுக்குத் தொட்டி கட்டினார்கள். பாரசீகப் படையைத் தடுக்க நகரத்தார் மதிலையொட்டிய வீடுகளை மண்ணால் நிரப்பினார்கள். 256-இல் நகரம் விழுந்தது. மண்ணுக்குள் சுவரோவியங்கள் தப்பின. 1930-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த அவை இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ளன.

தொட்டிக்கு மேலே வளைவான விதானம். அதன் உட்பக்கத்தில் கருநீலத்தில் நட்சத்திரங்கள். பின்சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் ஆயன், அவன் காலடியில் சிறிதாக ஆதாமும் ஏவாளும். பக்கச் சுவரில் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் முடக்குவாதக்காரர். அருகே அலைமேல் கால் வைத்து மூழ்கப் பார்க்கும் பேதுருவை நோக்கி நீளும் கை. இன்னொரு சுவரில் தீப்பந்தத்தோடு வரிசையாக நடந்துவரும் பெண்கள்; கல்லறைக்குப் போகிறவர்கள் என்று பலர் கருதுகிறார்கள். தொட்டிக்குள் இறங்குபவரின் கண்ணில் படும்படி இவை வரையப்பட்டுள்ளன. சட்டப்படி அனுமதியில்லாத ஒரு மதத்தில் சேரப்போகிறவருக்கு அந்த அறை எதைக் காட்டியது? மூழ்குகிறவனைப் பிடிக்கும் கையையும், எழுந்து நடக்கும் நோயாளியையும், கல்லறை வாசலையும். உரோமையருக்கு எழுதிய மடலில் பவுல் வாதமாக வைத்ததை, கிறிஸ்துவோடு புதைந்து கிறிஸ்துவோடு எழுவதே திருமுழுக்கு என்பதை, அந்த ஊர்க்காரர்கள் சுவரில் தீட்டிவிட்டார்கள்.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் தொட்டிகளை எட்டுப் பக்கமாகக் கட்டினார்கள். ஏழு நாள் படைப்பு முடிந்து உயிர்ப்போடு தொடங்கும் எட்டாம் நாளின் அடையாளம் அது. மிலான் பேராலயத்துக்கு அடியில் அப்படியொரு தொட்டியின் அடித்தளம் இருக்கிறது. 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் ஆயர் அம்புரோசு அகுஸ்தீனுக்குத் திருமுழுக்கு அளித்தது அங்கேதான்.

தள்ளிப்போட்டவர்களும் கறைபட்டவர்களும்

அகுஸ்தீன் அப்போது முப்பதைத் தாண்டியவர். சிறுவயதில் கடும் நோய் கண்டபோது திருமுழுக்கு தர ஏற்பாடு நடந்தது. உடம்பு தேறியதும் தள்ளிப்போட்டுவிட்டார்கள். காரணம் எளிது. முழுக்குக்குப் பிறகு செய்யும் பாவம் கூடுதல் பாரம் என்று அக்காலத்தவர் அஞ்சினார்கள். பேரரசர் கான்ஸ்தந்தீனே 337-இல் மரணப் படுக்கையில்தான் திருமுழுக்குப் பெற்றார். எதிர்நோக்கு இங்கே அச்சமாக மாறிவிட்டது. ஒரே முறை கிடைக்கும் மன்னிப்பைக் கடைசி மூச்சுவரை சேமித்து வைத்தார்கள்.

இந்த அச்சத்துக்கு மாற்றாக அகுஸ்தீனின் தன்வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. தகாஸ்தேயில் அவருடைய இளமைக்கால நண்பர் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது வீட்டார் திருமுழுக்குக் கொடுத்தார்கள். நினைவு திரும்பியதும் அகுஸ்தீன் அதைக் கேலி செய்தார். நண்பரும் சேர்ந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். நண்பரோ பகைவனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, நட்பு வேண்டுமானால் இப்படிப் பேசாதே என்று கடிந்துகொண்டார். சில நாளில் காய்ச்சல் திரும்ப வந்து இறந்துபோனார். நினைவே இல்லாத நேரத்தில் பெற்ற ஒன்றை அவர் தமதென்று பற்றிக்கொண்டது, மேதையான அகுஸ்தீனுக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

அடுத்த கேள்வி முழுக்காட்டுகிறவரின் தகுதி பற்றியது. 303-இல் தொடங்கிய தியோக்ளேசியனின் துன்புறுத்தலில் சில குருக்கள் மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துத் தப்பினார்கள். அப்படிப்பட்டவர் கொடுத்த திருமுழுக்குச் செல்லுமா? செல்லாது என்றார்கள் வட ஆப்பிரிக்காவின் தொனாத்தியர். தங்களிடம் வந்தவர்களுக்கு மறுபடி முழுக்காட்டினார்கள். ஆயரான அகுஸ்தீன், முழுக்காட்டும் கை யாருடையதாக இருந்தாலும் உண்மையில் முழுக்காட்டுகிறவர் கிறிஸ்துவே என்று வாதிட்டார். அந்த வாதமே நின்றது. சாவு நெருங்கும் வேளையில் எவரும், கிறிஸ்தவர் அல்லாத ஒரு செவிலியர்கூட, திருச்சபையின் கருத்தோடு நீரூற்றி உரிய வாய்ப்பாட்டைச் சொன்னால் அது முழுமையான திருமுழுக்கு என்று இன்றைய கத்தோலிக்கச் சட்டம் சொல்வதும் இதன் தொடர்ச்சிதான். கொடுப்பவரின் ஒழுக்கத்தையோ பெறுபவரின் நினைவையோ நம்பி இந்தச் சடங்கு நிற்கவில்லை. அதன் எதிர்நோக்கு நீடிப்பதற்கு இதுவே அடிப்படை.

வேலிக்கு வெளியே புதைத்த குழந்தைகள்

இதே அகுஸ்தீன்தான் இன்னொரு பக்கம் பெரும் துயரத்துக்கும் விதை போட்டார். மனிதர் தம் முயற்சியாலேயே நல்லவராக முடியும் என்ற பெலாஜியருக்கு எதிரான வாதத்தில், திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, அது மிக லேசானது என்று முடிவு கட்டினார். இடைக்கால இறையியலர் இதன் கடுமையைக் குறைத்து லிம்போ என்ற எல்லை உலகைக் கற்பித்தார்கள். அங்கே வேதனை இல்லை, ஆனால் கடவுளின் காட்சியும் இல்லை.

ஏட்டில் இருந்த கருத்து மண்ணில் என்ன செய்தது என்பதை அயர்லாந்தில் பார்க்கலாம். அங்கே கிராமங்களின் ஓரத்தில், பாழடைந்த கோயில் மனைகளிலும் கடற்கரை மேடுகளிலும் கில்லீன் எனப்படும் புதையிடங்கள் உண்டு. திருமுழுக்குக்கு முன் இறந்த குழந்தைகளை மந்திரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் சேர்க்க மறுத்ததால், தகப்பன்மார் இருட்டிய பிறகு அங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். தலைமாட்டில் பெயர் பொறிக்காத ஒரு கல். இருபதாம் நூற்றாண்டிலும் இது நடந்தது. எதிர்நோக்கின் அடையாளமான நீர், பெற்ற தாய்க்கு எதிரான வேலியானது இப்படித்தான்.

2007 ஏப்ரலில் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் இந்த வேலியைத் தொட்டது. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளின் மீட்பு பற்றிய எதிர்நோக்கு என்பதே அதன் ஆவணத்தின் தலைப்பு. லிம்போ திருச்சபை வரையறுத்த கோட்பாடு அல்ல என்றும், இக்குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று எதிர்நோக்க உறுதியான காரணங்கள் உண்டு என்றும் அது சொன்னது. அதை ஐயமற்ற அறிவு என்று உரிமை கொண்டாடவும் இல்லை. திருமுழுக்கின் எல்லையைவிடக் கடவுளின் இரக்கத்தின் எல்லை அகலமானது என்பதைச் சொல்ல இவ்வளவு காலம் பிடித்ததை, ஆறுதலோடு சேர்த்தே வரலாற்றில் எழுத வேண்டும்.

லிம்மாத் ஆற்றில் ஒரு ஜனவரி

1483 நவம்பர் 10-இல் ஐஸ்லேபன் நகரில் பிறந்த குழந்தைக்கு மறுநாளே திருமுழுக்கு நடந்தது. அன்று புனித மார்ட்டின் நாள், அதுவே பெயரானது. வளர்ந்த மார்ட்டின் லூத்தர் பல சடங்குகளை எதிர்த்தார், குழந்தைத் திருமுழுக்கை மட்டும் விடவில்லை. 1529-இல் வெளியான பெரிய ஞானோபதேசத்தில், மனம் சோர்ந்து பாவம் அழுத்தும்போது நான் திருமுழுக்குப் பெற்றவன் என்பதையே பற்றிக்கொள்ளுமாறு கற்பித்தார். முழுக்கு ஒருநாள் நடந்து முடிந்த சம்பவமல்ல, நாள்தோறும் பழைய மனிதன் மூழ்கிப் புதியவன் எழும் வாழ்நாள் வேலை என்பது அவர் போதனை. விழாக்காலம் முடிந்த சாதாரண நாள்களுக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது.

அதே காலத்தில் சூரிக் நகரில் வேறொரு கேள்வி எழுந்தது. தானே விரும்பிக் கேட்காத குழந்தைக்குத் திருமுழுக்கு எப்படிச் செல்லும்? 1525 ஜனவரி 21 இரவு, பெலிக்ஸ் மான்ஸ் வீட்டில் கூடிய சிறு குழுவில் கொன்ராட் கிரேபல், ஜார்ஜ் பிளவ்ராக் என்பவருக்கு முழுக்காட்டினார். மறுமுழுக்கர் இயக்கம் அன்று பிறந்தது. நகர மன்றம் மறுமுழுக்குக்கு நீரில் மூழ்கடிக்கும் தண்டனையை விதித்தது. 1527 ஜனவரி 5 அன்று மான்ஸைப் படகில் ஏற்றினார்கள். கைகளைக் கட்டி முழங்காலுக்குக் கீழே இறக்கி, இடையில் கோலைச் செருகி, லிம்மாத் ஆற்றின் குளிர்நீரில் தள்ளினார்கள். அவருடைய தாய் கரையில் நின்று தளராதே என்று மகனுக்குத் தைரியம் சொன்னார் என்று பதிவு செய்திருக்கிறார்கள். திருக்காட்சித் திருநாளுக்கு முந்திய நாள் அது. கிறிஸ்தவர்கள் ஒரு கிறிஸ்தவரைத் திருமுழுக்கின் பேரால் நீரிலேயே கொன்றார்கள்.

2010-இல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, மறுமுழுக்கர் வழிவந்த மென்னோனைட்டுகளிடம் தம் முன்னோர் செய்த கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டது. குழந்தைக்கா பெரியவருக்கா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. இரு தரப்பும் எதிர்நோக்கின் ஒவ்வொரு பாதியைப் பிடித்திருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. கேட்காமலே கிடைப்பது கொடை என்பது ஒரு பாதி. அதற்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தானே பதில் சொல்லியாக வேண்டும் என்பது மறுபாதி.

முத்துக்குளித்துறையிலிருந்து வடக்கன்குளம் வரை

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறொரு முகம் உண்டு. 1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, அவர்களுக்குப் போதிப்பார் எவருமில்லை. பலருக்குத் தாம் கிறிஸ்தவர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், முழுக்காட்டி முழுக்காட்டித் தம் கை ஓய்ந்துபோவதாகச் சொல்கிறார். அரசியல் கணக்கோடு நடந்த முழுக்கு நிலைக்குமா என்று அன்றே சந்தேகப்பட்டார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துத் தங்கள் சபைக்கு மாற்றப் பார்த்தபோது பரதவர் அசையவில்லை. தொடங்கிய காரணம் எதுவானாலும், ஒரு நூற்றாண்டில் அது அவர்களுடையதாகிவிட்டிருந்தது.

தரங்கம்பாடியில் லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு வந்திறங்கியது 1706 ஜூலையில். அடுத்த ஆண்டு மே மாதம் அவருடைய பணியில் முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பிய வீடுகளின் அடிமைகள். அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் இனி இல்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதியது, அந்த ஐவரின் எஜமானர்களுக்கும் வாசிக்கப்பட்ட மடல்தான்.

இந்த எதிர்நோக்கின் விலையைக் காட்டுபவர் தேவசகாயம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். நான்கு ஆண்டில் கைது. எருமைமேல் பின்முகமாக உட்காரவைத்து ஊர்வலம், சவுக்கடி. தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அவர் சமமாகப் பழகியதும் பகையைக் கூட்டியது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை ஒட்டிய காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். திருமுழுக்குக்கும் சாவுக்கும் இடையே ஏழாண்டுகூட இல்லை. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன்பே பிள்ளை என்ற சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கிவிட்டது. அவருடைய நினைவுநாளான ஜனவரி 14, பெரும்பாலும் திருமுழுக்கு விழாவை ஒட்டியே வருகிறது.

ஆனால் அவர் முழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு நீள்கூடங்கள் கொண்ட கோயில் எழுந்தது. வெள்ளாளரும் நாடாரும் ஒரே பீடத்தை நோக்கி, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நின்றார்கள். 1910-இல் இரு கூடங்களையும் பிரித்த சுவரை இடித்தார்கள். இடித்தது தவறு, தனியிடம் எங்கள் உரிமை என்று தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. ஒரே தொட்டி நீரில் நனைந்தவர்களுக்கு, அந்த நீரின் பொருளை நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சுவர்கள் இன்றும் முழுக்க மறையவில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாகவே இருக்கிறது. தலித் கிறிஸ்தவர்களுக்கு எதிரான பாகுபாடு திருச்சபைக்குள் இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. சட்டத்தின் பக்கமும் ஒரு முரண்பாடு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், பின்னர் வந்த திருத்தங்களால் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் மட்டுமே. அந்த மத வரம்பை நீக்கும்படி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது, நடக்கவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்பவர் வேலைக்காக மட்டும் அச்சான்றிதழைக் கோர முடியாது என்றது உச்சநீதிமன்றம். திருமுழுக்கோடு சாதி போய்விட்டது என்பது அரசின் கணக்கு. ஊரின் கணக்கு அப்படியில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களிடம் எதிர்நோக்கைப் பற்றிப் பேசத் திருச்சபைக்கு முதலில் தகுதி வேண்டும்.

பச்சை உடுத்தும் வாரங்களில்

பல கோணங்களையும் தொகுத்துப் பார்த்தால் மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

ஒன்று, இந்த எதிர்நோக்கு ஒருமுறை தரப்படுவது, திரும்பப் பெறப்படாதது. சபைகள் தங்களுக்குள் ஏறத்தாழ ஒத்துப்போகும் இடமும் இதுவே. 1982-இல் பெருவின் லீமா நகரில் பல சபையினர் கூடி ஏற்ற ஆவணம், திருமுழுக்கைத் திரும்பச் செய்யலாகாது என்றது. 2007 ஏப்ரலில் ஜெர்மனியின் மக்டபுர்க் பேராலயத்தில் பதினொரு சபைகள் ஒன்றின் திருமுழுக்கை மற்றொன்று ஏற்பதாகக் கையெழுத்திட்டன. நற்கருணையில் சேர்ந்து உட்கார முடியாதவர்களும் தொட்டியருகே ஒன்றாகிறார்கள்.

இரண்டு, அது வாழ்நாள் முழுதும் வழிபாட்டில் திரும்பத் திரும்ப நினைவூட்டப்படுகிறது. கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை போடுவதும், பாஸ்கா இரவில் திரியேற்றி வாக்குறுதிகளைப் புதுப்பிப்பதும், கடைசியில் சவப்பெட்டிமேல் தீர்த்தம் தெளிப்பதும் அந்த முதல் நாளின் நினைவே. 1936 டிசம்பர் 25 அன்று புவெனஸ் ஐரிஸில் திருமுழுக்குப் பெற்ற திருத்தந்தை பிரான்சிஸ், அவரவர் திருமுழுக்கு நாளைத் தெரிந்துவைத்துக் கொண்டாடுங்கள் என்று பலமுறை கேட்டுக்கொண்டார். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் வீடுகளில் எத்தனை பேருக்கு அந்தத் தேதி தெரியும்?

மூன்று, அதைச் சிதைத்தவை பெரும்பாலும் வெளியிலிருந்து வரவில்லை. வேலிக்கு வெளியே குழந்தைகளைப் புதைத்ததும், மான்ஸை ஆற்றில் தள்ளியதும், வடக்கன்குளத்தில் பிரிவுச்சுவர் எழுப்பியதும் திருமுழுக்குப் பெற்றவர்களே. யோர்தானையே பாருங்கள். மேல்பகுதியில் நீரைத் திருப்பிவிட்டதால், கீழ் யோர்தானில் இன்று பழைய ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1967 போருக்குப் பின் அதன் மேற்குக் கரைத் துறவு மடங்களைச் சுற்றிப் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றும் வேலை 2018-இல்தான் தொடங்கியது. கொடை நிலைத்தாலும் அதைக் காப்பது மனிதர் கையில் இருக்கிறது.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஜனவரியில் உங்கள் பங்கு அலுவலகத்துக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். உங்கள் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் உங்களுக்கு மேலும் கீழும் இருக்கும் பெயர்களையும் படியுங்கள். பதிவேடு தேதி வாரியாகத்தான் எழுதப்பட்டிருக்கும்; தெரு வாரியாக எழுதப்பட்டிருக்காது. அந்தப் பெயருக்குரியவர்களோடு நீங்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை என்றால், உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்குத் தனி வாசல் இருக்கிறது என்றால், திருமுழுக்கின் வேலை அங்கே இன்னும் பாக்கி இருக்கிறது. அதை முடிக்க அடுத்த கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டாம்.